டேஷ்போர்டு மேல் நீலச் சால்வை

ஜனவரி 11

அன்பு வாலுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கமாட்டாள். ஏறி இறங்கிவிட்டு, "நான் எங்க ஏறினேன்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

இங்கே பனிமூட்டம். காலையில் தொழிற்சாலை வாசல் விளக்குகள்தான் தெரிகின்றன, கட்டடத்தைக் காணோம். விளக்குகளை நம்பி உள்ளே போகிறேன்.

அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மூடி செய்கிறேன். காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு எதிரே, டேஷ்போர்டுக்குள் ஏர்பேக்கை மடித்து வைத்திருப்பார்கள். அதன் மேல் இருக்கிற மூடி. வண்டி மோதினால் மூடி கிழிந்து, கதவு மாதிரி கண்ணாடிப் பக்கமாகத் திறந்து, உப்பி வரும் அந்தப் பைக்கு வழிவிட வேண்டும். துண்டு துண்டாகப் பறக்கக் கூடாது. அதற்காகப் பின்பக்கம் லேசரால் ஒரு கோடு கீறுகிறோம். முன்பக்கம் ஒன்றும் தெரியக் கூடாது. "சாய்ஞ்ச வெயில்ல பார்த்தாக்கூட கோடு கண்ணுல படக் கூடாது" என்பது மேனேஜரின் உத்தரவு. பல வருஷம் கிழியாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு தடவை சரியாகக் கிழிய வேண்டும். முக்கால்வாசி மூடிகளுக்கு அந்த ஒரு தடவை வருவதே இல்லை.

கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் அதிவேகக் கேமராவில் எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். மூடி மூச்சு இழுத்த மாதிரி லேசாக எழும்புகிறது. கோடு ஒரு முனையில் விட்டுக்கொடுத்து மறுமுனை நோக்கி நடக்கிறது. வெள்ளைப் பை எட்டிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, வெளியே வருகிறது. நாளெல்லாம் இதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் உலகமே மெதுவாக நடக்கிறது. நேற்று டீக்கடையில் ஒருவர் கரண்டியைத் தவறவிட்டார். அது தரைக்கு வந்து சேரும்வரை நான் கப்பைப் பிடித்தபடி காத்துக்கொண்டே இருந்தேன்.

போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதமென்றால் ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவள் நீ. எனவே சோம்பல்படாமல் பதில் எழுது.

உன் அண்ணன்

-

பிப்ரவரி 2

தூங்குமூஞ்சி அண்ணாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். அம்மா மாடிப்படி ஏறவே இல்லையாம். மாடியில் காய்ந்த துணி தானாக இறங்கி வந்து மடித்துக்கொண்டதாம். உன் உடம்பு எப்படி? சளி பிடித்தால் மருந்து சாப்பிடு. பனியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

கிழிவதற்காக ஒரு பொருளைச் செய்து அதற்குச் சம்பளமும் வாங்குகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நான் கிழியாமல் தைக்கிறேன், எனக்குத்தான் கூலி இழுபறி!

ஆனால் இப்போது நல்ல காலம். எங்கள் சீட் கவர் தையல் கடைக்கு எதிரே ரெடிமேட் கடை வந்ததிலிருந்து நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம் அல்லவா? நான் ஒரு யோசனை செய்தேன். டேஷ்போர்டுக்கு உறை. உள்ளே பஞ்சு, மேலே துணி, அடியில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டிவிட்டால் அசையாது. இரட்டைத் தையல், நைலான் நூல். எலி வந்து கடித்தாலும் அதற்குத்தான் பல் போகும். ஊரே கேட்டு வருகிறது, கடை வாசலில் கார் நிற்க இடமில்லை. உன் மூடியும் எங்காவது இருக்குமா என்று ஒவ்வொரு காரிலும் தேடினேன். எல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. முன் சீட்டுக்கு எதிரே எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து மட்டும் பொறித்திருக்கிறான். கம்பெனி பேராக இருக்கும். பார்க்க நன்றாக இல்லை. சரியாக அதன் மேல் வருகிற மாதிரி ஒரு பூ தைத்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். பேசவே மாட்டார். கையில் ஒரு நீலச் சால்வை. போன வருஷம் தவறிப்போன அவர் மனைவியுடையது. "வெட்டாம தைக்க முடியுமாம்மா?" என்றார். மிச்சத் துணியை உள்ளுக்குள்ளேயே மடித்து வைத்துத் தைத்துக் கொடுத்தேன். நான் இதுவரை தைத்ததில் அதுதான் கெட்டி, அதுதான் அழகு. தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் தங்கை

-

பிப்ரவரி 13

வாலு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். இரண்டு தடவை போன் செய்தேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். பின்னால் உன் குரல் கேட்டது. போன் கூடாது என்ற உன் ஏற்பாட்டை இப்போதும் நீ விடவில்லை.

அந்த மூன்று எழுத்து கம்பெனி பேர் இல்லை. இங்கே ஏர்பேக் இருக்கிறது, மேலே எதையும் வைக்காதே என்பதற்கு அதுதான் அடையாளம். நீ பூ தைத்தது என் மூடியின் நட்டநடுவில். கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் பாடுபட்டதில் என் தங்கை கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது.

உன் உறை இருக்கும்போது வண்டி மோதினால் மூடி திறக்க முடியாது. பை போக வழி தேடும். பக்கவாட்டில் பிதுங்கும், அல்லது கொக்கியோடு உறையைப் பிய்த்து எதிரே இருப்பவர் முகத்தில் அடிக்கும். எப்படி என்று படம் வரைந்து இணைத்திருக்கிறேன். நீ விற்ற உறை ஒன்றுவிடாமல் கழற்றியாக வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஆளைக் கொல்லப் போகிறாயா?

உடனே பதில் எழுது.

அண்ணன்

-

மார்ச் 20

அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டியில் புது எண்ணெய் தடவுகிறோம். வலி குறைந்ததோ இல்லையோ, வீடு முழுக்க வாசனை. குளியலறைக் குழாய் ஒழுகியது, உன் மாப்பிள்ளை சரிசெய்தார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மத்தியானம் அந்த மஞ்சள் நம் கூடத்துக்குள் வந்து உட்காருகிறது. அம்மா அதில் நாற்காலி போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய படம் கிடைத்தது.

தங்கை

-

ஏப்ரல் 1

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். குழாய் இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது, எண்ணெய் வாசனைகூட இருக்கிறது. கடை மட்டும் இல்லை. கொல்லப் போகிறாயா என்று எழுதியது தப்பு. தங்கையிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. மூக்கு மேல் கோபம் வந்து எழுதிவிட்டேன்.

என் லட்சணத்தையும் கேள். போன வாரம் எங்கள் மூடியைக் குளிர் அறையில் வைத்து, உறைந்த பிறகு சோதித்தோம். படத்தை மெதுவாக ஓட்டினால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோடு கிழிந்தது, கதவு திறந்தது. ஓரத்திலிருந்து மட்டும் நகம் அளவு ஒரு சில்லு தனியாகப் பிரிந்து, சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல், எதிரே ஆளுக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மையின் கண்ணைப் பார்த்துப் போனது. அதைத் தடுக்கக் கையை நீட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கோட்டை இன்னும் ஆழமாகக் கீற வேண்டும் என்றேன். "வெளியில தெரிஞ்சிடுமேப்பா" என்றார் மேனேஜர். தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூன்று எழுத்தும் ஒரு பூவும்தான் கண்ணில் நின்றன.

அன்றிலிருந்து கனவு வருகிறது. நம் ஊர்த் தெருவில் உன் உறைகள் போட்ட கார்கள் மெதுவாக, தரையைத் தொடாமல் போகின்றன. உள்ளே யார் என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

திட்டியாவது எழுது. வெறும் குழாய்க் கதை வேண்டாம்.

அண்ணன்

-

ஏப்ரல் 14

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். வீட்டில் யாவரும் சுகம். நான் எழுதுகிற முதல் கடிதம் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கைக்குத் தெரிந்தால் என்னைத் தையல் மிஷினில் வைத்துத் தைத்துவிடுவாள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே உறை தைப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய்க் கழற்றிக்கொண்டு வருகிறாள். சிலர் சண்டைக்கு வந்தார்கள், சிலர் சிரித்தார்கள், ஒருவர் கதவையே திறக்கவில்லை. அவர் கார் வெளியே வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கடையில் ஒரு மூலை முழுக்கக் கழற்றிய உறைகள். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் சொன்னது சரின்னு என் வாயால சொல்லணுமா?" என்கிறாள். எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள். ஒன்று முடியவில்லை.

அந்த டாக்ஸிக்காரர் கழற்றத் தரமாட்டேன் என்கிறார். "எடுக்க மாட்டேன்மா. வெட்டாம தச்சுக் குடுத்ததே நீங்கதானே?" என்று மட்டும் சொல்கிறார். அவர் காலையிலும் மாலையிலும் ரயில் நிலையத்துக்கு ஷேர் டாக்ஸி ஓட்டுகிறார். முன் சீட்டில் யார் வேண்டுமானாலும் ஏறுவார்கள். அதனால் இவள் தினமும் முதல் ஆளாகப் போய் அந்தச் சீட்டில் ஏறிக்கொள்கிறாள், மச்சான். காசு கொடுத்து நிலையம்வரை போய், அதே வண்டியில் திரும்பி வருகிறாள். சாயங்காலமும் அப்படியே. வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாதாம்.

நான் சொல்லிப் பார்த்தேன், நான் உட்காருகிறேன் என்றும் சொன்னேன், கேட்கவில்லை. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

மாப்பிள்ளை

-

ஏப்ரல் 22

என் அன்பு வாலுக்கு,

யார் எழுதினார் என்று கேட்காதே, அவரை மிஷின் பக்கம் விடாதே. எனக்கு எல்லாம் தெரியும்.

அந்தச் சீட்டிலிருந்து இறங்கு. உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். படித்ததிலிருந்து சாப்பிட முடியவில்லை. ஊரிலுள்ள எல்லாரையும் காப்பாற்றிவிட்டு உன்னை மட்டும் நீ அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்.

அவரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. காட்டலாம். அதே அளவில், அதே மடிப்போடு, அதே நூலில், சாதாரண நீலத் துணியில் ஒரு உறை தைத்து அனுப்பு. சோதனையில் மிஞ்சிய டேஷ்போர்டு ஒன்று இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டேன். "உன் தங்கச்சி கடைக்கும் சேர்த்து நாமதான் டெஸ்ட் பண்ணணுமா?" என்றார். ஆமாம் என்றேன். முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை அந்த வண்டியில் ஏறாதே. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வைக்காதே.

அண்ணன்

-

மே 5

அண்ணா,

நலம். கோபப்படாதே, இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். உறையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். கொஞ்சம்கூடக் குறைத்துத் தைக்கவில்லை, என் முழுக் கெட்டித்தனமும் அதில் இருக்கிறது. நூல் கோர்க்கவே நேரம் பிடித்தது.

முதலில் உன் மேல் கோபமாக வந்தது. அப்புறம் பயம். உன் படத்தைப் பார்த்த அன்று கடைக்கு முன்னால் போகிற ஒவ்வொரு காரும் என் கையால் பூட்டியது போல இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற மூச்சு வந்தது. இது ஒன்றுதான் பாக்கி. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு டீச்சர் ஏறுவார். பெரிய பையோடு ஓடி வருவார், ஏறியதும் தூங்கிவிடுவார். ஒரு நாள் எனக்கு முன்னால் அவர் ஏறிவிட்டார். எழுந்திருங்கள் என்றேன். "ஏங்க, சீட்டை விலைக்கா வாங்கிட்டீங்க?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. விடிந்தும் விடியாத நேரம். முன் கண்ணாடியில் சால்வையின் நீலம் விழுந்து, சாலை முழுக்க நீலமாகத் தெரிகிறது. மரம், விளக்குக் கம்பம், சைக்கிளில் போகிறவர் எல்லாரும் அந்த நீலத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள். டாக்ஸிக்காரர் சிக்னலில் நிற்கும்போது ஒரு கையால் சால்வையின் ஓரத்தைச் சரிசெய்வார், சுருக்கமே இல்லாத இடத்திலும். அவரிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு எப்படி மனசு வரும்? பிடுங்காமலும் எப்படி இருப்பேன்? இரண்டு பக்கமும் இழுக்கிறது. பிரேக் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

சீக்கிரம் சோதித்துச் சொல். அது தப்பில்லை என்று வந்துவிடாதா என்று ஓர் ஆசை இன்னும் இருக்கிறது.

உன் தங்கை

-

ஜூன் 3

அன்பு வாலுக்கு,

நலம். உன் ஆசை பலிக்கவில்லை.

உன் உறையைப் பொருத்தினோம். தையலை எங்கள் ஆட்கள் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் தன் காருக்கு வேண்டும் என்றார், இடம் மறந்து. எதிரே பொம்மையை உட்கார வைத்தோம்.

படத்தை மெதுவாக ஓட்டினோம். முதலில் பூ அசைந்தது, யாரோ கீழிருந்து ஊதின மாதிரி. நீலம் மேடானது. கீழே என் கோடு கிழிந்திருக்கும். மூடி எழ முயன்றிருக்கும். உன் தையல் விடவில்லை. துணி இன்னும் இன்னும் உப்பியது, ஒரு நூல்கூட அறவில்லை. அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். விடு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிறகு கதவுப் பக்கமாகப் பை பிதுங்கியது. கடைசியில் அடிக் கொக்கிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. உறை முழுதாக, கிழியாமல், மடிப்பு கலையாமல் பொம்மையின் முகத்தில் போய் மூடியது. ஒரு கொக்கி கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஏறியது. பை வந்து சேர்ந்தபோது பொம்மையின் தலை ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருந்தது.

மேனேஜர் வெளியே போனார். மறுநாள் அவர் காரின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த, தலையாட்டும் நாய்ப் பொம்மையைக் காணோம். கோடு தெரிந்தாலும் பரவாயில்லை, ஆழமாகவே கீறு என்று எனக்கும் சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தோடு நான்கு புகைப்படங்கள் வைத்திருக்கிறேன். கடைசிப் படத்தை முதலில் காட்டாதே, வரிசையாகக் காட்டு. சரியாகத் தைத்திருந்தால் ஆபத்தில்லை என்று அவர் கேட்டால், இதைவிடச் சரியாக யாராலும் தைக்க முடியாது என்று சொல். அது உண்மை.

பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன்

-

ஜூன் 20

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். நீ சாப்பிட ஆரம்பிக்கலாம்.

சவாரி முடிந்து, ஸ்டாண்டில் வண்டி நின்றபோது படங்களைக் கொடுத்தேன். நீ சொன்னபடி வரிசையாக. முதல் மூன்றையும் சும்மா பார்த்தார். நான்காவதை வெகுநேரம் வைத்திருந்தார்.

"இது யாரு?" என்றார்.

"பொம்மைங்க. சோதனைக்கு வைக்கிறது."

"பொம்பளை மாதிரி இருக்கு."

அவர் படத்தைப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு சால்வையைப் பார்த்தார்.

"இங்கதாம்மா உக்காருவா. சவாரி இல்லாதப்ப ரெண்டு பேரும் சும்மா சுத்துவோம். எங்கேயும் போக மாட்டோம், சும்மா." படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "அவ இருந்திருந்தா இந்நேரம் அவ மூஞ்சிக்கு எதிர்லயே இதைக் கட்டி வச்சிருப்பேன், இல்ல?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. தச்ச எனக்கே தெரியல."

கத்தரி கேட்டார். வெட்ட வேண்டாம், பிரித்துத் தருகிறேன் என்றேன். அண்ணா, என் தையலை என்னாலேயே பிரிக்க முடியவில்லை! மதியம் ஆகிவிட்டது. அவர் சால்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் அழுதுகொண்டே பிரித்தேன், அவர் பார்க்காத மாதிரி இருந்தார். முழுசாக வந்தது. தையல் போட்ட இடமெல்லாம் ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது. உதறி, நான்காக மடித்து, அந்த வெயிலிலும் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியில் அந்த மூன்று எழுத்து வெளியே வந்தது. எனக்கு இப்போது அது அசிங்கமாகத் தெரியவில்லை.

கடையில் மறுபடி ஈதான். ஸ்டியரிங் உறை தைக்கலாமா என்று உன் மாப்பிள்ளை கேட்டார். அதற்குள்ளும் உன் ஆட்கள் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள். உன்னைக் கேட்காமல் ஊசியைத் தொடமாட்டேன்.

சால்வையைப் பிரித்த மறுநாள் காலை எனக்கு வேலையே இல்லை, ஆனாலும் கால் தானாக ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. வண்டி வந்தது. முன் சீட்டில் டீச்சர் இருந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முறைத்தார், எழுப்பிவிடுவேன் என்று நினைத்திருப்பார். "நீங்களே உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். நிலையம் வரும்வரை அவர் தலை தூக்கத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்து டாக்ஸிக்காரர் சட்டென்று பிரேக் போட்டார். நான் கண்ணை மூடவில்லை.

உன் தங்கை